ஒரு தீவும் அதன் வௌவாலும்



கிரானுக்கு மேற்கே, ஆற்றைக் கடந்து செல்லும் கிராமம் ஒன்றில் அண்மையில் மாலைக் கூட்டம் ஒன்று நடத்தினோம். சேமிப்புக் குழுவின் கணக்கு வாசித்து முடிந்ததும் பேச்சு மாமரங்களின் பக்கம் திரும்பியது. 2007இல் உடுத்த உடையோடு ஓடி, முகாம்களில் காலங்கழித்து, திரும்பி வந்தபோது பற்றைக் காடாய்க் கிடந்த வளவுகளைக் கண்ட குடும்பங்கள் அவை. வந்த ஆண்டுகளில் நட்ட ஒட்டு மாங்கன்றுகள் இன்று மரமாகி நிறையக் காய்க்கின்றன. ஆனால் பழுக்கும் பருவத்தில், இருட்டியதும் வௌவால்கள் வந்துவிடுகின்றன.

"பாதர், விடியக்குள்ள எழும்பிப் பார்த்தா மரத்தடி முழுக்கக் கடிச்ச பழம்தான் கிடக்கு" என்றார் ஒரு தாய்.

"யானை வெடி ரெண்டைக் கொளுத்தி அந்த இலுப்பைக்குள்ள எறிஞ்சா ஒண்டும் இஞ்ச நிக்காது" என்றார் ஓர் இளைஞர்.

"வெடி என்னத்துக்கு? இலுப்பையையே தறிச்சா முடிஞ்சிது. பலகைக்கும் ஆகும்" என்றார் இன்னொருவர்.

பின்னால் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெத்தா ஒருவர்தான் எதிர்க் கேள்வி போட்டார். "தறிக்கலாம் மனே. அந்த இலுப்பைய நட்டது ஆர் எண்டு தெரியுமா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. "ஆரும் நடல்ல. வவ்வால் போட்ட கொட்டைதான்" என்று அவரே சொல்லி முடித்தார்.

அன்று நாம் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. மாம்பழம் விற்ற காசில் பிள்ளையின் பாடசாலைச் செலவைப் பார்க்கும் தாயின் இழப்பு உண்மையானது. பெத்தாவின் கேள்வியும் உண்மையானது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு பாடத்தோடு வருகிறோம் என்று சொல்லித் திரும்பினோம். அந்தப் பாடமே இது. இதற்காக நாம் ஒரு தூரத்துத் தீவுக்குப் போய்வர வேண்டும். ஏனெனில், மரமும் வௌவாலும் மனிதரும் சேர்ந்து வாழ்வதா, ஒன்றை ஒன்று ஒழிப்பதா என்ற கேள்விக்கு அந்தத் தீவு தன் அனுபவத்தால் விடை கண்டிருக்கிறது.

1. றொட்றிகஸ் என்னும் சிறு தீவு

இந்து சமுத்திரத்தின் தென்மேற்கே மொறீசியஸ் நாடு உள்ளது. மொறீசியசிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 600 கிலோ மீற்றர் கடல் தாண்டினால் றொட்றிகஸ் என்னும் தீவு வரும். அது மொறீசியஸ் குடியரசின் ஒரு பகுதி. 2002 முதல் தனக்கென ஒரு பிராந்தியச் சபையையும் கொண்டுள்ளது. நீளம் ஏறத்தாழ 18 கிலோ மீற்றர், அகலம் 8 கிலோ மீற்றர். முழுத் தீவின் பரப்பும் 108 சதுர கிலோ மீற்றர் அளவே. எமது மட்டக்களப்பு வாவியின் நீர்ப்பரப்புக்குள் அத்தீவு அடங்கிவிடும் எனலாம். அங்குள்ள மக்கள் சோளம், அவரை, மிளகாய், வெங்காயம் பயிரிடுகின்றனர். ஆடு மாடு வளர்க்கின்றனர். கரைக்கடலில் மீனும் கணவாய்க்கு உறவான எட்டுக்கால் பேய்க்கணவாயும் பிடிக்கின்றனர். எம்மைப் போன்ற விவசாயிகளும் மீனவர்களும்தான்.

அந்தத் தீவில் ஒரு பழந்தின்னி வௌவால் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. உடலில் பொன்னிற மயிர் இருப்பதால் அதைப் பொன் வௌவால் என்றும் அழைப்பர். எமது ஊர்ப் பெரிய வௌவாலைவிடச் சிறியது. நிறை 350 கிராமுக்கு மேல் போவது அரிது. சிறகு விரித்தால் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. மனிதர் கொண்டுவராமல் தானாகவே அத்தீவை அடைந்து இன்றுவரை அங்கே நிலைத்திருக்கும் ஒரே பாலூட்டி நில உயிர் அதுதான்.

2. தீவு வெறுமையானது எப்படி?

1691இல் பிரான்சுவா லெகா என்ற பிரெஞ்சுக்காரரும் அவருடைய தோழர்களும் றொட்றிகசில் இறங்கினர். சமயத் துன்புறுத்தலால் தாய்நாட்டை விட்டு ஓடி வந்த அகதிகள் அவர்கள். இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கினர். மரம் அடர்ந்த தீவையும், கூட்டங்கூட்டமாகத் திரிந்த பெரிய ஆமைகளையும், பறக்கமாட்டாத சொலிட்டேர் என்ற பெரும் பறவையையும் கண்டதாக லெகா எழுதிவைத்தார்.

அதன்பின் வந்த நூறு ஆண்டுகளில் என்ன நடந்தது? ஆமைகளை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி உணவுக்காக மொறீசியசுக்குக் கொண்டு போயினர். 18ஆம் நூற்றாண்டு முடியும்போது சொலிட்டேரும் இல்லை, ஆமைகளும் ஏறக்குறைய இல்லை. பின்னர் குடியேற்றம் பெருகியது. பயிர் நிலத்துக்காகக் காடு வெட்டப்பட்டது, விறகுக்காக வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் முளைத்த தளிர்களை ஆடும் மாடும் மேய்ந்தன. மழை மண்ணை அள்ளிக் கடலுக்குக் கொண்டு போனது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வரும்போது இயற்கைக் காடென்று சொல்ல அங்கே சில துண்டுகளே எஞ்சின. அந்த மக்களைக் குறை கூற எமக்கு உரிமை இல்லை. வறுமையில் வாழ்பவன் விறகு வெட்டாமல் எப்படி உலை வைப்பான்?

வௌவால்களுக்கு ஒதுங்க எஞ்சியவை பள்ளத்தாக்குகளில் நின்ற பழைய மாமரங்களும் புளிய மரங்களும்தான். புளியம்பழமும் மாம்பழமும் சம்புப் பழமும் அவற்றுக்கு உணவாயின. மாவும் புளியும் மனிதர் வெளியிலிருந்து கொண்டுவந்த மரங்கள் என்பதைக் கவனியுங்கள். காட்டை இழந்த வௌவால் மனிதர் நட்ட மரத்தில் தஞ்சம் புகுந்தது.

அடுத்தது காற்று. அந்தச் சமுத்திரப் பகுதியில் சூறாவளி வழக்கமானது. காடு அடர்ந்திருந்த காலத்தில் சூறாவளி வந்தாலும் பள்ளத்தாக்குக் காட்டுக்குள் வௌவால் ஒதுங்கிக்கொள்ளும். காற்று ஓய்ந்தபின் ஏதோ ஒரு மரத்தில் ஏதோ ஒரு காய் எஞ்சியிருக்கும். காடு போனபின் நிலைமை வேறு. சில வௌவால்கள் காற்றோடு கடலுக்குள் அடிபட்டுப் போயின. தப்பியவை, பூவும் பிஞ்சும் உதிர்ந்த மரங்களின் நடுவே பட்டினியால் செத்தன. தீவுக்கு வெளியே பறந்துபோய்ப் பிழைப்பதற்கு அக்கம்பக்கத்தில் வேறு நிலம் இல்லை. 1970களில் எண்ணியபோது அந்த வௌவால் நூற்றுக்கும் குறைவாகவே இருந்தது. 1979இல் வீசிய சூறாவளிக்குப்பின் எஞ்சியவை ஏறக்குறைய 70 மட்டுமே.

எமது பெரியோருக்கு இது புரியும். அதற்கு முந்திய ஆண்டில், 1978 கார்த்திகை 23ஆம் நாள் இரவு, மட்டக்களப்பை அடித்த சூறாவளியை அவர்கள் மறக்கவில்லை. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. தென்னைகள் தலை முறிந்து வரிசை வரிசையாய்க் கிடந்தன. எழுபதும் எழுநூறும் பேசுகின்ற புள்ளிவிபரத்தை விட, காற்று ஓய்ந்த மறுநாட்காலையில் நிற்கின்ற மரம் எது என்று தேடிய கண்களுக்கு இந்தப் பாடம் நன்றாக விளங்கும்.

3. எழுபது எப்படி ஆயிரங்களானது?

முதலாவது முயற்சி வெளியிலிருந்து வந்தது. 1976இல் ஜெரல்ட் டரல் என்ற ஆங்கிலேய இயற்கை ஆர்வலர் றொட்றிகசுக்குப் போய், சில வௌவால்களைப் பிடித்து, ஜேர்சி தீவில் இருந்த தனது உயிரினக் காப்பகத்தில் வளர்க்கக் கொண்டு சென்றார். தீவில் உள்ளவை முற்றாக அழிந்தாலும் வித்து எஞ்சட்டும் என்பதே எண்ணம். அவை பெருகின, இன்று பல நாட்டு மிருகக்காட்சிச் சாலைகளில் அவற்றின் சந்ததி வாழ்கிறது.

ஆனால் தீவில் வௌவாலைப் பெருக்கியது அந்தக் கூடுகள் அல்ல. ஜேர்சியில் வளர்ந்தவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து விடவேண்டிய தேவையே எழவில்லை. தீவில் எஞ்சிய எழுபதுதான் பெருகின. அதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, மரம். மலைச்சரிவுகளிலும் நீரூற்றுப் பகுதிகளிலும் மீண்டும் மரம் நட்டனர். மண்ணரிப்பைத் தடுப்பதற்கும் குடிநீருக்கும் நட்ட மரங்களே பெரும்பாலானவை. வௌவாலுக்கும் அவை நிழலாயின. பின்னர், பெருமலை என்று பொருள்படும் கிரான்ட் மொன்டாஞ் போன்ற இடங்களில் வேலியிட்டு, ஆடு மாட்டைத் தடுத்து, தீவுக்கே உரிய செடிகளைத் தவறணைகளில் வளர்த்து நட்டனர். 1984இல் தொடங்கப்பட்ட மொறீசியஸ் வனசீவராசிகள் மன்றம் இப்பணியில் மக்களோடு சேர்ந்து நின்றது.

இரண்டாவது, வேட்டை குறைந்தது. முன்பு இறைச்சிக்காக வௌவாலை அடித்த வழக்கம் படிப்படியாக அருகியது.

மூன்றாவது, பிள்ளைகள். பாடசாலை பாடசாலையாகச் சென்று வௌவாலைப் பற்றிக் கற்பித்தனர். "இது உலகில் எமது தீவில் மட்டும் இருப்பது" என்று பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னது. வௌவால் கூட்டங்களை எண்ணும் வேலையிலும் ஊர் மக்களே பங்கெடுத்தனர்.

பிள்ளைகளின் கண்ணுக்கு எவ்வளவு பலம் உண்டென்பதற்கு அதே தீவில் இன்னொரு சான்று உண்டு. 1980 அளவில் அங்குள்ள ஆசிரியர் ஒருவர் ஊர்ச் செடிகளைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தார். அற்றுப்போனதாக எல்லோரும் கருதியிருந்த காட்டுக் கோப்பிச் செடி ஒன்றின் கிளையை ஒரு மாணவன் கொண்டுவந்து நீட்டினான். வீதியோரத்தில் அந்த ஒரே ஒரு செடி நின்றது. 1986இல் அதன் தண்டுத் துண்டுகள் இலண்டன் கியூ பூங்காவுக்கு விமானத்தில் போயின. பல ஆண்டு உழைப்புக்குப்பின் விதை கிடைத்து, கன்றுகள் மீண்டும் தீவுக்கு வந்தன. பெரிய ஆய்வாளர்கள் காணாததைப் பாடசாலைப் பையன் கண்டான்.

வௌவாலின் எண்ணிக்கை மெல்ல ஏறியது. 2003இல் கலுண்டே என்ற கடுஞ் சூறாவளி வந்தபோது 5,000 அளவை எட்டியிருந்த எண்ணிக்கை மறுபடி சரிந்தது. ஆனால் இம்முறை நூற்றுக்குள் போகவில்லை, ஆயிரக்கணக்கில் எஞ்சின. ஒதுங்குவதற்கு மரம் இருந்தது. 2016, 2017 ஆண்டுகளின் கணக்கெடுப்பில் அவை 20,000 அளவுக்குப் பெருகியிருந்தன. அதுவரை "மிக ஆபத்தான நிலை" என்ற பட்டியலில் இருந்த அந்த வௌவாலை, இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் "ஆபத்தான நிலை" என்ற ஒரு படி குறைந்த பட்டியலுக்கு மாற்றியது. ஆபத்து நீங்கிவிடவில்லை. இருப்பது ஒரே ஒரு தீவு. ஒரு பெருங்காற்று போதும்.

வௌவால் விரைவாகப் பெருகும் உயிர் அல்ல என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். எலியைப் போல் ஈற்றுக்குப் பத்துக் குட்டி போடாது. தாய் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். அதைத் தன் மார்போடு சுமந்து பாலூட்டி வளர்க்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்க்கப்பட்ட இதே இன வௌவால்களிடம் ஆய்வாளர்கள் ஓர் அதிசயத்தைக் கண்டு 1994இல் எழுதினர். தலைகீழாகத் தொங்கியபடி ஈனமுடியாமல் தவித்த தாய் ஒன்றுக்கு, உறவில்லாத இன்னொரு பெண் வௌவால் துணை நின்றது. கால்கீழாகத் தொங்கும் நிலையைத் தானே செய்து காட்டியது. தாயை நக்கி ஆற்றியது. குட்டி வெளிவந்ததும் அது மார்பைச் சேர வழிகாட்டியது. எமது ஊர் மருத்துவிச்சி அம்மாமார் செய்வதும் வேறல்லவே.

4. கொன்று பார்த்த தீவு

இனி அதன் பெரிய அயல் தீவைப் பார்ப்போம். மொறீசியசிலும் ஒரு பழந்தின்னி வௌவால் உண்டு. அதுவும் அந்தத் தீவுக்கூட்டத்துக்கே உரியது. அங்கே வாழ்வோரில் தமிழ் வழி வந்தவர்களும் பலர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கைவினைஞராகவும், 1834க்குப்பின் ஒப்பந்தக் கூலிகளாகவும் போனவர்களின் பிள்ளைகள். வீட்டு முற்றத்தில் மாமரமும் லிச்சி மரமும் நிற்பது அங்கே வழக்கம். லிச்சி ஏற்றுமதிப் பழமுமாகும். பழத்தை வௌவால் தின்கிறது என்ற முறைப்பாடு வலுத்தது. எமது கூட்டத்தில் அந்தத் தாய் சொன்ன அதே முறைப்பாடு.

அரசு சட்டத்தை மாற்றி, 2015இலும் 2016இலும் வௌவால்களைச் சுட்டுக் கொல்ல உத்தரவிட்டது. இரண்டு ஆண்டுகளில் 35,000க்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. பின்னர் அதன் விளைவை ஆராய்ந்தவர்கள் 2019இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத் தக்கது: பழச் செய்கையாளரின் இலாபம் கூடவில்லை. காற்று, பறவை, எலி, பறிக்காமல் முற்றி விழுந்தவை என்று இழப்புக்குப் பல வாசல்கள் இருந்தன. ஒரு வாசலை இரத்தத்தால் அடைத்தும் பயனில்லை. வௌவாலோ 2018இல் ஆபத்தான நிலைப் பட்டியலுக்குப் போய்விட்டது. வலை போட்டு மூடிய மரங்களிலேதான் பழம் தப்பியது.

5. எமது வௌவால்கள்

எமது இலுப்பையில் தொங்குவது றொட்றிகஸ் வௌவால் அல்ல. அது இந்தியப் பெரும் பழந்தின்னி வௌவால். இந்தியா, இலங்கை, வங்காளதேசம் எங்கும் பரந்து வாழ்வது. பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா போன பிள்ளைகள், உயர்ந்த மரங்களில் அவை ஆயிரக்கணக்கில் தொங்குவதைப் பார்த்திருப்பர். உலகளவில் அது அழியும் நிலையில் இல்லை. அப்படியானால் நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

போருக்குப் பின்னான எமது ஊர்களும் ஒருவகையில் தீவுகளே. ஷெல் அடியிலும், பாதுகாப்புக்கென வெட்டியதிலும், ஆளில்லாத காலத்தில் மரக்காரர் தறித்ததிலும் ஊர்ப் பெருமரங்கள் பல போய்விட்டன. எஞ்சிய இலுப்பை, ஆல், மருதம் எத்தனை என்று விரல்விட்டு எண்ணலாம். வௌவால் கூட்டமொன்று தங்குவதற்கு அப்படிப்பட்ட உயர்ந்த பழைய மரம் வேண்டும். அந்த ஒன்றைத் தறித்தால் அவை போய்விடும் என்பது உண்மை. அவற்றோடு போவது என்னவென்றும் பார்க்க வேண்டும்.

பழந்தின்னி வௌவால் ஓர் இரவில் 20 கிலோ மீற்றருக்கும் மேல் பறக்கும். மாரியில் கிரான் பாலத்தின் மேலால் வெள்ளம் பாய்ந்து, புலிபாய்ந்தகல் பக்கத்து மக்கள் தோணிக்குக் காத்து நிற்கும் நாளிலும் அது ஆற்றைக் கடந்து போய்வரும். ஆல், அரசு, அத்திப் பழங்களின் பொடி விதைகளை விழுங்கி, தூரத்தில் எச்சத்தோடு போடும். இலுப்பை, நாவல், வேம்பு போன்றவற்றின் பெரிய கொட்டைகளை வாயிற் கவ்விச் சென்று, சதையைத் தின்றுவிட்டு வேறொரு மரத்தடியில் விழுத்தும். இலுப்பை, இலவு ஆகியவற்றின் பூக்கள் இரவில் வௌவால்களுக்காகவே தேன் சுரக்கின்றன. மகரந்தம் மரத்துக்கு மரம் போவது அவற்றின் முகத்திலும் மார்பிலும் ஒட்டியே. இலுப்பெண்ணெய் எரியும் கோயில் விளக்குக்கும் இலவம் பஞ்சுத் தலையணைக்கும் பின்னால் வௌவாலின் வேலை இருக்கிறது. பெத்தா சொன்னது சரி.

இன்னொரு வகையையும் மறக்கக் கூடாது. இலங்கையில் ஏறக்குறைய 30 வௌவால் இனங்கள் உள்ளன. அவற்றில் பழம் தின்பவை நான்கே. ஏனையவை பெரும்பாலும் பூச்சி தின்பவை. வீட்டுக் கூரையிலும் பாலத்தின் அடியிலும் பாறைப் பிளவிலும் ஒட்டியிருக்கும் சின்ன வௌவால்கள் அவை. மாம்பழத்தை அவை தொடுவதேயில்லை. மாலையில் வட்டைக்கு மேலால் அவை சுற்றிச் சுற்றிப் பறப்பது விளையாட்டுக்கு அல்ல. நெல்லுக்கு எதிரியான பூச்சிகளைப் பிடித்துத் தின்னவே. தாய்லாந்தில், இலங்கையிலும் காணப்படும் ஒரு குகை வௌவால் இனத்தை ஆராய்ந்து 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். வெண்முதுகுத் தத்தியை அவ்வினம் தின்பதால் அந்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 தொன் நெல் காப்பாற்றப்படுகிறது. அது 26,000 பேரளவுக்கு ஓராண்டுச் சாப்பாடு. அறக்கொட்டி அடித்த வயலை ஒருமுறையேனும் பார்த்தவருக்கு இந்தக் கணக்கின் பெறுமதியை நாம் விளக்க வேண்டியதில்லை. யானை வெடிக்கு நல்ல வௌவால் எது, கெட்ட வௌவால் எது என்று தெரியாது.

6. எமது தவறு ஒன்று

பிறருக்குப் பாடம் சொல்லுமுன் எமது பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மீள்குடியேற்ற நாட்களில் ஒரு கிராமத்தில் முன்பள்ளிக் கட்டடத்துக்கு இடம் தேடினோம். நல்ல இடத்தில் ஒரு முதிய மருத மரம் நின்றது. கட்டடத்தைச் சற்றுத் தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால் நிதி தந்தவர்கள் குறித்த திகதிக்குள் முடிக்க வேண்டுமென்று அவசரப்பட்டோம். மரத்தைத் தறிக்கச் சம்மதித்தோம். ஒரு காலைப் பொழுதில் அது விழுந்தது. இன்று அந்தச் சிறுவர்கள் தகரக் கூரையின் கீழ் வியர்வையோடு பாட்டுப் படிக்கின்றனர். வெளியே நாம் நட்ட கன்றுகள் இன்னும் இடுப்பளவுதான். வீட்டை மூன்று மாதத்தில் கட்டலாம். மருதத்தை எந்தத் திட்டத்தாலும் அப்படிக் கட்ட முடியாது.

7. செய்யக்கூடியவை

மாம்பழத்தை இழக்கும் தாய்க்கு "பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொல்வது நீதியல்ல. ஆகவே நடைமுறையில் சில வழிகள்:

வௌவால் நாடுவது பழுத்த பழத்தை. முற்றிய காயை ஒரு கிழமை முந்திப் பறித்து, வைக்கோலில் வைத்துப் பழுக்க விடுங்கள். இழப்பின் பெரும்பகுதி இதனாலேயே குறையும்.

ஒட்டு மாமரங்களை ஆண்டுதோறும் கவாத்துச் செய்து உயரத்தைக் குறைத்து வையுங்கள். உயரம் குறைந்தால் வலை போடலாம், பையும் கட்டலாம். நல்ல விலைபோகும் பழக் குலைகளுக்குத் துணிப் பையோ பழைய உரப்பையோ கட்டுவது செலவில்லாத வழி.

வலை போடுவதானால் பழைய மீன்வலை வேண்டாம். மெல்லிய நைலோன் நூலில் வௌவாலும் பறவையும் சிக்கிச் சாகும். அவிழ்க்கப் போகிறவரும் கடிபடுவார். விரல் நுழையாத சிறு கண்ணுள்ள தடித்த வலையை, சட்டம் கட்டி இழுத்து மூடுங்கள். ஒரு குடும்பத்தால் வாங்க முடியாததைச் சேமிப்புக் குழு வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

வௌவால் தங்கும் மரத்துக்கு வெடி எறிய வேண்டாம். குட்டி சுமக்கும் காலத்தில் கலைத்தால் குட்டிகள் கீழே விழுந்து சாகும். யானை வெடி கையில் வெடித்து விரல் இழந்தவர்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

வௌவால் கடித்த பழத்தை உண்ண வேண்டாம், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தூக்க வேண்டாம். கடித்தால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1998இல் மலேசியாவிலும் 2018இல் கேரளத்திலும் பரவிய நிப்பா என்னும் நோயின் கிருமி பழந்தின்னி வௌவாலில் இருப்பது. வங்காளதேசத்தில் ஈச்சங் கள் முட்டியில் வௌவால் வாய்வைத்ததாலும் அது பரவியது. கள் இறக்குவோர் முட்டியைப் பாயாலோ வலையாலோ மூடிக்கட்டுவது நல்லது. முட்டு வருத்தத்துக்கு வௌவால் இறைச்சி நல்லதெனச் சிலர் நம்புகின்றனர். அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. அடித்து உரிக்கும்போது நோய் தொற்ற வழியுண்டு. இவையெல்லாம் வௌவாலைக் கொல்வதற்கான காரணங்கள் அல்ல. தூர நின்று வாழவிடுவதற்கான காரணங்கள்.

கடைசியாக, நடுங்கள். இலுப்பை விதை காய்ந்தால் முளைக்காது. மரத்தடியில் புதிதாய் விழுந்ததைப் பொறுக்கி உடனே பையில் ஊன்றுங்கள். மழை தொடங்கும் ஐப்பசியில் கன்றை நட்டு, பட்டி மாடும் ஆடும் அண்டாதபடி முள் வேலி போடுங்கள். வாய்க்கால் கரை, குளக்கட்டுக்கு வெளிப்புறம், பாடசாலை வளவு, மயானக் கரை ஆகியன இதற்கு ஏற்ற இடங்கள். காட்டில் வௌவாலுக்குப் பழம் கிடைத்தால் வளவுக்கு வரும் கூட்டமும் குறையும்.

கலந்துரையாடலுக்கு

1. இடம்பெயருமுன் உங்கள் ஊரில் நின்ற பெருமரங்கள் எவை? இன்று எத்தனை நிற்கின்றன? பெரியோரைக் கேட்டுப் பட்டியல் எழுதுங்கள்.

2. சென்ற பருவத்தில் உங்கள் மாம்பழத்தில் வௌவாலால் போனது எவ்வளவு? அணில், கிளி, காற்று, களவு, வாங்க ஆளில்லாமல் அழுகியது எவ்வளவு? தனித்தனியே கணக்கிடுங்கள்.

3. எழுபது வௌவால்கள் எஞ்சியபோது றொட்றிகஸ் மக்கள் "இனி என்ன செய்வது" என்று விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? நாம் திரும்பி வந்த நாளில் எம்மிடம் எஞ்சியிருந்தது என்ன? அதிலிருந்து எப்படித் தொடங்கினோம்?

4. ஊரின் பொது மரமொன்றைத் தறிப்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? தனியாளா, ஊர்க் கூட்டமா?

இரண்டாவது கேள்விக்கான கணக்கை எழுத்தில் கொண்டுவருமாறு மேலே சொன்ன கிராமத்தவரைக் கேட்டிருக்கிறோம். இலுப்பையைப் பற்றிய முடிவை அவர்களே எடுப்பார்கள். கணக்கு வரும்வரை மரத்தில் கோடரி வைப்பதில்லை என்று இளைஞர்கள் உறுதி தந்துள்ளனர். பெத்தா தன் பங்குக்கு, விழும் இலுப்பைக் கொட்டைகளை ஒரு பனை ஓலைப் பெட்டியில் சேர்க்கத் தொடங்கிவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கன்றுப் பைகள் கொண்டுவருவது எமது பொறுப்பு.